வாங்க என்று கேட்காதவள்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்வார்கள். சாம்பாரில் உப்பு கூடலாம், மேளக்காரர் பஸ்ஸைத் தவறவிடலாம், மாப்பிள்ளை சளி பிடித்து மணமேடையில் தும்மிக்கொண்டிருக்கலாம். அதெல்லாம் பிற்பாடு பேசிச் சிரிக்க ஆகும். ஆனால் வாசலில் நிற்கிற வீட்டுப் பெண், வந்தவரின் முகத்தைப் பார்த்து, முறை சொல்லி, "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் தீர்ந்தது. வந்தவர் அப்படியே திரும்பிப் போகலாம். நியாயம் அவர் பக்கம்தான். ஆண்கள் கேட்டால் அது கணக்கில் சேராது. பொம்பளை கேட்க வேண்டும், அதுவும் சிரித்த முகமாகக் கேட்க வேண்டும்.

என் கணவரின் தம்பிக்குச் சேலத்தில் கல்யாணம் வைத்தபோது அந்த வாசல் என் தலையில் விழுந்தது. நான் மூத்த மருமகள். வேறு யாரும் நிற்கக் கூடாது, நின்றால் என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஊர் பேசும். என்னை யாராவது ஒதுக்க மாட்டார்களா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

நான் வளர்ந்த விதம் வேறு. தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். குவார்ட்டர்ஸில் எங்களோடு சேர்த்து நான்கே குடும்பம். புது முகம் ஒன்று வருவதென்றால் முதலில் ஜீப் சத்தம் கேட்கும், பிறகு நாய் குரைக்கும், அம்மா தலையை வாரிக்கொள்வாள், அதற்கப்புறம்தான் ஆள் வந்து சேருவார். அதற்குள் மனசு தயாராகிவிடும். அங்கிருந்து ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் மிளகு, காப்பித்தூள், தேன், பருவத்தில் பேரிக்காய் விற்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டேன். கடைக்குப் பின்னால் வீடு. கடைக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சமாளித்துவிட முடிந்தது. கல்யாண மண்டபத்து வாசல் அப்படிப்பட்டது இல்லை.

முந்தின நாள் சாயந்திரமே நிற்க வைத்துவிட்டார்கள். ஒரு கையில் பன்னீர்ச் சொம்பு, எதிரே மேசையில் சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு. காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி. பட்டுச் சேலையும் தலைப்பூவும் சேர்ந்து கழுத்தைக் கீழே அழுத்தின. மாமியார் என் பக்கத்தில் நின்று, படியேறுகிறவர்களைக் கண்ணால் காட்டி, "அது சின்ன மாமன் ஊடு... இது பங்காளி ஊட்டு அண்ணன், அக்கா... சிரி கண்ணு, சிரிச்சுக்கிட்டே கேளு" என்று முறை எடுத்துக் கொடுத்தார். வாங்க மாமா, வாங்கண்ணா, வாங்கக்கா, வாங்க சித்தப்பா. ராத்திரி கொஞ்சம் படுத்து எழுந்து, விடியும் முன்பே மறுபடியும் வாசல். முகூர்த்தத்துக்குத்தான் கூட்டம் அதிகம். சமையல்காரர் என்னவோ இல்லை என்று கூப்பிட, மாமியார் உள்ளே போனார். நான் தனியாக நின்றேன்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் மேளச் சத்தம் தூரமாகப் போனது. காது அடைத்துக்கொண்டது. கையில் இருந்த சொம்பு தானாக ஆடியது, பன்னீர் யார் மேலோ சிந்தியது. மார்புக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. செத்துப்போகப் போகிறேன், அதுவும் வீடியோக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சாகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. இப்போது அதற்குப் பெயரெல்லாம் இருக்கிறது. என் மகள் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். அப்போது எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் மயக்கம், பித்தம், திமிர் ஆகிய மூன்றுதான்.

அந்த நேரம் பார்த்து எதிரே வந்து நின்றவர் பெரியத்தை. மாமியாருக்கு அக்கா. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, குரலைக் கேட்டால் மாடு மிரளும், மனசில் பட்டதை அப்படியே பேசுகிறவர். வேறு யாராக இருந்தாலும் பிழைத்திருப்பேன். அவர் நின்றார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், கல்கண்டுத் தட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பெரியத்தை திரும்பிப் படியிறங்கினார். மாமியார் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வருவதற்குள் டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார். சொந்தத் தங்கை மகன் தாலி கட்டுவதைப் பார்க்காமல், கை நனைக்காமல் போய்விட்டார். எனக்கு யாரோ சோடா கொடுத்தார்கள். குடித்துவிட்டு மிச்சக் கூட்டத்துக்கும் நின்றேன். எப்படி நின்றேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. வீடியோவில் நிற்கிறேன். இஞ்சி தின்ற குரங்குபோல் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

கல்யாணம் முடிந்து மலையேறியதும் படுத்தேன். கம்பளியை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டு இரண்டு நாள் எழவில்லை. உடம்பை உரலில் போட்டு இடித்த மாதிரி இருந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் படிக்கட்டில் முகங்கள் ஏறி வந்தன. கடையில் போன் மணி அடித்தால் மார்பு அடித்துக்கொண்டது. பக்கத்துக் கடை அம்மா வந்து பார்த்து, "கல்யாண ஊட்டுல அத்தன கண்ணும் உம்மேலதான் பட்டிருக்கும்" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடியே வரவில்லை, பார்த்தியா எவ்வளவு திருஷ்டி என்றார். எனக்கு நெடி நன்றாகவே வந்தது, இருமினேன். சொல்லிப் பிரயோசனம் இல்லை.

டாக்டரிடமும் போனோம். அவர் நாடியைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, டானிக் எழுதிக் கொடுத்தார். "நல்லா ரெஸ்ட் எடுங்க. ஏற்காட்டுல இருக்கீங்க, உங்களுக்கு என்ன குறை?" என்றார். இந்த ஒரு பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். உலகமெல்லாம் களைப்பாற இந்த மலைக்கு வருகிறது. ஏரியில் படகு விடுகிறார்கள், பஜாரில் சால்வை போர்த்திக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்கிறார்கள், ஆகா என்ன காற்று என்கிறார்கள். இங்கேயே இருக்கிறவள் களைத்துப்போனால் எந்த மலைக்குப் போவாள்? அதை யாரும் சொல்லித் தரவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் கடையில் உட்கார்ந்தேன். அங்கேதான் இன்னொன்று தெரிந்தது. சேலத்துக் குடும்பம் ஒன்று வந்து நின்றது. வழக்கமாகச் சொல்கிற மாதிரி "வாங்க" என்று சொல்லப் போனேன். வரவில்லை. மிளகு என்ன விலை என்றார்கள், சொன்னேன். தேன் கலப்படமா என்றார்கள், சண்டைக்கே போனேன். பேச்செல்லாம் வந்தது, அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் நின்றுகொண்டது. அதை நினைத்தாலே கை சில்லிட்டது. "என்ன வேணுங்க?" என்று ஆரம்பித்துச் சமாளிக்கப் பழகிக்கொண்டேன். யாரும் இல்லாத நேரம் சமையலறையில் குக்கரைப் பார்த்து வாங்க வாங்க என்று சொல்லிப் பார்த்தேன். குக்கருக்கு வந்தது. மனிதர்களுக்கு வரவில்லை. அது முழுசாகத் திரும்பி வர மாதக்கணக்காயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல நாளில் பளிச்சென்று வந்துவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மாமியாரிடமிருந்து போன் வந்தது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். கூடவே வேன் பிடித்து வீட்டார் எல்லோரும் வருகிறார்கள், ஏற்காடு பார்த்த மாதிரியும் ஆகும். அதோடு பெரியத்தையும் வருகிறார். மாமியார் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சம்மதிக்க வைத்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை.

"மூத்த மருமவ வாசல்ல நின்னு, அத்தன பேருக்கும் முன்னால, வாங்கன்னு கேக்கோணும். கேட்டாத்தான் படி ஏறுவேங்கறா. என் மானம் உன் வாயிலதான் இருக்குது கண்ணு."

"அவளுக்கு இன்னும் ஒடம்பு செரியில்லம்மா" என்று என் கணவர் போனை வாங்கிச் சொன்னார்.

"ஒடம்புக்குத்தானே நோவு? வாய்க்கு என்ன நோவு?"

என் கணவர் நல்லவர், எதையும் சிரித்தே தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். லாட்ஜ் வாசல்களில் இருப்பதுபோல் 'நல்வரவு' என்று ஒரு போர்டு எழுதி மாட்டிவிட்டால் என்ன என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனுங்க, ஞாயிற்றுக்கிழமை என்னை எங்கேயாவது அனுப்பிவிடுங்கள் என்றேன். விருந்து வைக்கிற வீட்டில் வீட்டுக்காரி இல்லாமல் எப்படி என்றார். அதுவும் சரிதான்.

மறுநாள் காலையில் நானே தலைச்சோலை பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனேன். மஞ்சப்பையில் இரண்டு சேலை வைத்திருந்தேன். அம்மா பையைப் பார்த்ததும் முகம் மாறினாள். சண்டையா என்றாள். இல்லை என்றேன். மாப்பிள்ளை அடித்தாரா என்றாள். அவர் கொசுவைக்கூட அடிக்க மாட்டார் என்றேன். பிறகென்ன? எனக்கு மூச்சு முட்டுகிறது அம்மா, நாலு நாள் யாரையும் பார்க்காமல் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "விருந்து வெச்சிருக்கற நேரத்துல நீ இங்க வந்து படுத்தீன்னா, கோவிச்சுக்கிட்டு வந்துட்டான்னு பேசிருவாங்க சாமி. நாளைக்கு உங்கப்பன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க வருவாரு? மத்தியான பஸ்ஸுக்கே போயிரு." ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைப் பையில் வைத்து, பஸ் வரும்வரை கூடவே நின்று ஏற்றிவிட்டாள். திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே காப்பித் தோட்டங்களில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பிறந்த வீட்டுக் கதவும் அடைத்தாயிற்று, இனி எல்லாப் பக்கமும் சுவர்தான் என்று நினைத்தேன். வாழைப்பழம் முழுவதையும் பஸ்ஸிலேயே தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் கோலம் போட்டு, ஆரத்தி கரைத்து வைத்துவிட்டு நின்றேன். வேன் வந்து நின்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். புதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆரத்தி எடுத்தேன். அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை. எல்லோரும் படியேறாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். பெரியத்தைக்கு வழிவிட்டு, நான் வாயைத் திறப்பதைப் பார்க்க நின்றார்கள். மாமியார் கண்ணாலேயே கெஞ்சினார். என் காது அடைக்க ஆரம்பித்தது.

பெரியத்தை கடைசியாக வேனிலிருந்து இறங்கினார். முகம் வாழைக்காய் நிறத்தில் இருந்தது. மேற்கே ஒரு அடி, கிழக்கே ஒரு அடி வைத்தார். பிறகு எங்கள் வாசல் சாக்கடை ஓரமாகக் குந்தி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் சமவெளிக்காரர்களுக்குச் செய்கிற வேலை அது. எங்கள் ஊரில் தினமும் பார்க்கிற காட்சி. நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன், முதுகை நீவினேன், தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்க வைத்தேன். இடுப்பில் கை கொடுத்து உள்ளே கூட்டிப் போய் என் கட்டிலில் படுக்க வைத்தேன். வாங்க என்று யாரும் கேட்கவில்லை. அது ஒருவருக்கும் ஞாபகமே இல்லை. தப்பித்தேன் என்று அடுப்படியில் போய் நின்று மூச்சு விட்டேன்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த நேரம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏம்புள்ள. நீ இன்னும் என்னய வாங்கன்னு கேக்கல."

அறை வாசலில் தலைகள் சேர்ந்துவிட்டன. நான் சுவரோரம் நின்றேன். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "வர மாட்டேங்குதுங்க பெரியத்தை. அந்த வார்த்த வாயில வர மாட்டேங்குது."

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும். வார்த்த வராதவ இப்பப் பேசறது என்னவாம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வி நியாயமானதுதான். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். கேட்காத வீட்டில் குடித்த தண்ணீரே தப்பு, இனி சோறு வேறு தின்ன வேண்டுமா என்று பெரியத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயந்திரம் வேன் கிளம்பத் தயாரானது. பெரியத்தை எழுந்து உட்கார்ந்தார், வேனை ஒரு பார்வை பார்த்தார், மறுபடியும் படுத்துவிட்டார். தலை சுற்றுகிறது, நாளைக்கு வருகிறேன் என்றார். அவரை என் கட்டிலில் விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். உலகத்தில் யாரிடமிருந்து ஓடி ஒளிந்தேனோ அவர் என் வீட்டுக்குள், நான் ஒளிந்துகொள்கிற கம்பளிக்குள் படுத்திருந்தார். நான் சமையலறையில் பாய் போட்டுக்கொண்டேன்.

நாளைக்கு என்றது அந்த வாரம் முழுவதும் நாளைக்காகவே இருந்தது. ஒரு நாள் அமாவாசை என்றார், ஒரு நாள் மழை என்றார், ஒரு நாள் சகுனம் சரியில்லை என்றார். என் கையால் சோறு தின்ன மாட்டார், அது கேட்காத வீட்டுச் சோறு. அதனால் என் கணவர் மூன்று வேளையும் ஓட்டலிலிருந்து பொட்டலம் வாங்கி வந்தார். என் வீட்டில், என் கட்டிலில் உட்கார்ந்து, என் தட்டில் ஓட்டல் இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, "சட்டினி புளிக்குது" என்று என்னிடமே குறை சொல்வார். எனக்கோ கட்டில் கிறீச்சிட்டால் போதும், மார்பு அடித்துக்கொள்ளும். எப்போது கேட்பாரோ, எப்போது கேட்பாரோ. தனியாக இருக்க எனக்கிருந்த ஒரே இடம் குளியலறை. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குளிக்கிறேன் என்று நினைக்கட்டும் என்று தண்ணீரை மொண்டு மொண்டு தரையில் ஊற்றிக்கொண்டு நிற்பேன். தண்ணீர் லாரிக்காரர் தவிர யாருக்கும் லாபமில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். கடைக்கு யார் வந்தாலும், சேலத்திலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தால், பெரியத்தை கட்டிலிலிருந்து குரல் கொடுப்பார். "ஏனுங்க, எறங்கறப்பவும் அப்படியேதான் சுத்துமுங்களா?" ஆமாம் என்றால் பேச்சே இருக்காது.

கடைசியில் மாமியாரும் கொழுந்தனாரும் அவரைக் கூட்டிப் போகவே மலையேறி வந்தார்கள். நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவரை வழியனுப்பிவிட்டு வந்து என் கட்டிலில் விழ வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

பெரியத்தை பஸ் படியில் ஒரு காலை வைத்தார். கம்பியைப் பிடித்தார். அதோடு நின்றுவிட்டார்.

"ஏறுங்கம்மா, டைம் ஆச்சு" என்றார் கண்டக்டர்.

"சின்னப் புள்ளயாட்டம் என்னக்கா இது? ஏறு" என்றார் மாமியார். கொழுந்தனார் சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து முதுகைத் தள்ளினார். பஸ்ஸுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ, பாட்டிம்மா கண்ணை மூடிக்கிட்டு ஏறிருங்க என்று கிண்டல் செய்தார்கள். பெரியத்தை வாயைத் திறந்தார். மாடு மிரளும் குரல் உள்ள அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. மேலுதட்டில் வேர்வை.

நான் அந்த முகத்தை அதற்கு முன் வெளியிலிருந்து பார்த்ததில்லை. உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன்.

"கையெடுங்க" என்றேன். கொழுந்தனார் கேட்கவில்லை. "அவங்க மேலருந்து கையெடுங்கன்னு சொல்றேன்! அவங்களுக்கு முடியல. முடியலைன்னா விடுங்களேன்!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கொழுந்தனார் சூடு பட்டவர்போல் கையை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் கிளம்பிப் போனது. எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். என் கையில் சொம்பு ஆடியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். அவளுக்கு முடியவில்லை, விடுங்கள் என்று ஒருவர், ஒரே ஒருவர், சொல்லியிருக்கக் கூடாதா? அன்றைக்கு வராத அழுகை பஸ் ஸ்டாண்டில் வைத்து வந்தது.

மாமியாரும் கொழுந்தனாரும் டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். நானும் பெரியத்தையும் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"கை சில்லுன்னு இருக்குதுங்களா?" என்றேன்.

தலையாட்டினார்.

"காது அடைக்குதுங்களா? இப்பவே செத்துப்போயிருவோம்னு தோணுதுங்களா?"

திரும்பிப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"கல்யாண மண்டபத்துல நீங்க வந்து நின்னப்ப எனக்கு அப்படித்தானுங்க இருந்துச்சு."

எதிரே ஒரு சுற்றுலாக் கூட்டம் இறங்கி, அதில் ஒரு குழந்தை நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தது. பெரியத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"வாய் வந்தாத்தானுங்களே சொல்றதுக்கு."

"ஆமா" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயும் எங்கூட வா. நீ வந்தா ஏர்றேன். ஜன்னலோரம் எனக்கு" என்றார்.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். மலை முழுவதும் இறங்கி முடிக்கிறவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை, என் மணிக்கட்டை விடவில்லை. ஒரு கையில் எலுமிச்சம்பழம், ஒரு கையில் நான். ஒவ்வொரு வளைவுக்கும் நகம் என் தோலுக்குள் இறங்கியது. வாந்தி எடுத்தார், பை பிடித்தேன், மறுபடியும் எடுத்தார். முன் சீட்டில் இருந்த மாமியார் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சேலத்தில் அவரும் கொழுந்தனாரும் இறங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் நானும் பெரியத்தையும் அவர் ஊருக்குப் போனோம். போகிற வழியில்தான் உறைத்தது, கொழுந்தனார் கல்யாணத்துக்குப் பிறகு நான் சமவெளியில் கால் வைப்பது இதுவே முதல் தடவை என்று.

அவர் வீட்டில் மகனும் மருமகளும் வயல்காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பெரியத்தை கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார், போன வேகத்தில் கட்டிலில் சாய்ந்தார். நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். பழக்கம். வீட்டுக்காரர் கேட்காமல் யாரும் படி தாண்ட மாட்டோம். நின்றேன், நின்றேன். உள்ளே இருந்து ஒரு வார்த்தை வரவில்லை. எதிர் வீட்டம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, இதோ பெரியத்தை கையாலேயே பொன்குடம் உடைந்திருக்கிறது, அதுவும் சாட்சியோடு. பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தால், வாங்க என்று கேட்காமல் அனுப்பியவர் என்று சாகிறவரை அவரைச் சொல்லலாம். அத்தனை சொந்தமும் என் பக்கம் நிற்கும். அந்த ஊர் பஸ் திரும்பி வருகிற சத்தம்கூடக் கேட்டது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பெரியத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் குப்புறக் கிடந்தார்.

என் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவருடையதையும் கழற்றிப் போட்டேன். பானையில் தண்ணீர் மொண்டு ஒரு சொம்பு குடித்தேன், ஒரு சொம்பு கட்டிலோரம் வைத்தேன். அடுப்படியில் சோறு இருந்தது, மோர் இருந்தது. ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பாதி சாப்பிடும்போது அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"உன்னய நான் வான்னு கேட்டனா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"பசிச்சுதுங்க."

அவர் கட்டிலோரச் சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "ஊறுகா மேல்தட்டுல இருக்குது" என்றார்.